திறக்க மறுத்த கணக்கும் வர மறுத்த தாய்மாமனும்

போன வாரம், என் கடையை எடுத்து நடத்தும் உங்களில் ஒருவன் எனக்குப் போன் செய்தான். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே. அலோர் ஸ்டாரில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனவன், கழிவறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தான்.

"அக்கா, சிஸ்டம் அப்கிரேட் பண்ணதுலேர்ந்து அவரோட வீட்டுக்கணக்கு சாஃப்ட்வேர் வேலை செய்யல. அவரு கத்துறாரு. நான் என்னா பண்ண?"

"வீட்ல யாரு யாரு இருக்காங்க?" என்று கேட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு அக்காவுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பான். எந்த வெர்ஷன், எவ்வளவு மெமரி என்று கேட்பேன் என எதிர்பார்த்தவனிடம், சொந்தக்காரப் பெண் விசாரிப்பதைப் போல ஆளைக் கணக்கெடுத்தால் அவன்தான் என்ன செய்வான்? அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். சுங்கைப் பட்டாணியில் கடை வைத்து, கெடா மாநிலத்தில் பாதி வீடுகளின் மேசைக்கடியில் தவழ்ந்து வயர் மாட்டியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். தூங்கிவிடாமல் படியுங்கள்.

கடையை உங்களிடம் ஒப்படைப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, கோயில் பழக்கத்தில் தெரிந்த சரோஜா காலையிலேயே அழைத்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டர் ரோசாக். ஒடனே வர முடியுமா?"

"ரோசாக்னா எப்படிக் கெட்டுப்போச்சு? ஓப்பனே ஆவலியா?"

"அதெல்லாம் ஆவுது. ஆனா எந்தம்பி கல்யாணத்துக்கு வரமாட்டேங்கிறான்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.

"சரோஜா, நான் கம்ப்யூட்டர்தான் பாப்பேன். தம்பியப் பாக்க வேற ஆளு தேடணும்."

"ரெண்டும் ஒரே ரிப்பேர்தான்க்கா. நீங்க வாங்க, சொல்றேன்."

பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் அவர்கள் வீடு. வாசலில் கல்யாணக் கூடாரத்துக்கான இரும்புக் கம்பிகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, என்னைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி சரோஜா கதையைச் சொன்னாள்.

அவள் கணவர் சுப்ரமணியம் கூலிம் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலைதான் அவரை விட்டது, அவர் தொழிற்சாலையை விடவில்லை. வீட்டையே ஒரு உற்பத்திப் பிரிவாக நடத்திக்கொண்டிருந்தார். வீட்டுச் செலவைப் பதிந்து வைக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கி மடிக்கணினியில் போட்டு, தினமும் சாயந்திரம் அன்றைய செலவுகளை அதில் ஏற்றுவார். வெங்காயச் செலவு போன மாதத்தைவிடக் கூடினால் திரையில் சிவப்புக் கோடு ஏறும். உடனே சரோஜாவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். மகள் கல்யாணம் வந்ததும் மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம் என்று யாருக்கு முன்பணம் போயிருக்கிறது, யாருக்குப் போகவில்லை என்ற விவரமெல்லாம் அதற்குள்தான் போயிற்று.

அந்தக் கணினியில் இருந்த இயங்குதளம் பழசு. மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று அது தினமும் எச்சரித்துக்கொண்டிருந்தது. சரோஜாவின் தம்பி தனபாலன் சொந்தமாக ஏர்கோன் சர்வீஸ் செய்கிறவர். "இதுக்கெல்லாம் எதுக்கு மாமா ஆளு? நான் பண்ணித்தரேன்" என்று ஒரு சாயந்திரம் உட்கார்ந்து புதிய இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் சுப்ரமணியம் அண்ணன் கணக்கைத் திறக்கப் பார்த்தால், பாஸ்வர்ட் தவறு என்றது. திரும்பத் திரும்ப அடித்தார். திரும்பத் திரும்பத் தவறு.

அவர் போனை எடுத்து மச்சானிடம் கேட்ட முதல் கேள்வியே சரியில்லை. "எதுக்குத் தனா பாஸ்வர்ட்ட மாத்துன?" என்று கேட்டிருக்கிறார். மாற்றினாயா என்று கேட்கவில்லை, எதற்கு மாற்றினாய் என்று கேட்டிருக்கிறார். பேச்சு வளர்ந்து, "நான் எவ்ளோ செலவு பண்றேன்னு வேவு பாக்கத்தானே அன்னிக்கு உக்காந்த?" என்பதில் போய் முடிந்திருக்கிறது. தனபாலன் போனை வைத்துவிட்டு, அக்காவை அழைத்துச் சொன்னாராம்: "என்னைத் திருடன்னு சொன்ன வீட்டு வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன். பொண்ண மணவறைக்கு அழைச்சிட்டு வர வேற தாய்மாமனப் பாத்துக்குங்க."

சரோஜாவுக்கு ஒரே தம்பி. வேறு தாய்மாமனை எங்கே போய் வாங்குவது?

"பொண்ணு நேத்துலேர்ந்து சாப்புடல அக்கா, பட்டினியாத்தான் வேலைக்குப் போயிருக்கா," என்றாள். "மாமா வரலன்னா எனக்குக் கல்யாணமே வேணாங்குறா. இவரு என்னாடான்னா கம்ப்யூட்டரு, கம்ப்யூட்டருங்கிறாரு."

உள்ளே போனேன். சுப்ரமணியம் அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"டெக்னீஷியன் வரலியா தங்கச்சி?"

"வந்தாச்சு அண்ணே," என்று பையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தங்கச்சிகள் கவனிக்க: இந்தக் கேள்வியை நீங்கள் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் கேட்பீர்கள். பதில் சொல்லி மூச்சை வீணாக்காதீர்கள். பையைத் திறங்கள், போதும்.

அவர் கணினியைத் திறந்து காட்டினார். எண்களால் ஆன பின் நம்பரை அடித்ததும் கணினி உள்ளே விட்டது. கணக்கு மென்பொருளும் திறந்தது. பாஸ்வர்ட் கேட்டபோது இடது கையால் விசைப்பலகையை மூடிக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால் அடித்தார். நான் மரியாதையாக விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்வர்ட் தவறு என்று வந்தது.

"பாத்தீங்களா? மாத்திட்டான்."

நான் முதல் காரியமாக அந்தக் கணக்குக் கோப்பை என் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்தேன். எதையும் தொடுவதற்கு முன் நகல் எடுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் செய்யமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் வேணாம் தங்கச்சி. பாஸ்வர்ட்ட ஒடைக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்காமே, எங்க கூட்டாளி சொன்னாரு. ஒடச்சிருங்க. எனக்குக் கணக்கு வந்தா போதும்."

இருந்தது. என் பையிலேயே இருந்தது. அரைமணி நேரத்தில் உடைத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு, மத்தியான வெயிலுக்கு முன் வீட்டுக்குப் போயிருக்கலாம். உங்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்பீர்கள், தப்பில்லை, அவர் கேட்டதும் அதைத்தான். ஆனால் நான் உடைத்துவிட்டால் என்ன ஆகும்? கணக்கு திறந்துகொள்ளும். மச்சான் மாற்றிய பாஸ்வர்டை ஒரு டெக்னீஷியன் வந்து உடைத்தாள் என்ற கதை அந்தக் குடும்பத்தில் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும். சரோஜா கதவோரம் நின்று, நான் எந்தப் பக்கம் கையை நீட்டுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒடைக்கிறதுக்கு முன்ன ஏன் திறக்கலன்னு பாத்துருவோம் அண்ணே," என்றேன்.

"அதான் சொன்னேனே, மாத்திட்டான்னு."

"அப்படின்னா அதையும் பாத்துருவோம்."

அவருடைய பாஸ்வர்ட் என்னவென்று நான் கேட்கவில்லை. நான் முதன்முதலில் வேலை பார்த்தது அலோர் ஸ்டாரில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் கடையில். கால்குலேட்டர் விற்றுக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்லக் கணினிக்கு மாறியிருந்தார். எனக்கு அவர் முதல் வாரமே சொன்னது: "புள்ள, ஆளுங்ககிட்ட பாஸ்வர்ட்ட கேட்டு வாங்காத. அதுகூடவே அவங்க வீட்டு விவகாரமும் வந்து சேரும். அப்பறம் திருப்பிக் குடுக்க முடியாது." அந்த ஒரு பேச்சை நான் கடைசி வரைக்கும் காப்பாற்றினேன். அன்று ஒரு நாள் மட்டும் அது என் கையில் இல்லாமல் போயிற்று.

யோசித்தேன். பின் நம்பர் வேலை செய்கிறது. ஆக, எண்களில் கோளாறு இல்லை. நகல் கோப்புக்குப் பெயர் அடித்தபோது எழுத்துகளும் ஒழுங்காக வந்தன. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"அண்ணே, பாஸ்வர்ட் என்னான்னு கேக்கல. அதுல எழுத்து, நம்பர் இல்லாம வேற ஏதாச்சும் குறி இருக்கா?"

அவர் சரோஜாவைப் பார்த்தார். சரோஜா உடனே கூடாரக்காரர்களைப் பார்க்க வெளியே போனாள். அவர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

வெறும் எழுத்துகள் அடிக்கும் பக்கம் ஒன்றைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பினேன். "இதுல அடிச்சா மறையாது, அப்படியே தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க அடிச்சு, அடிச்சது அப்படியே வருதான்னு நீங்களே பாருங்க. பாத்துட்டு அழிச்சிருங்க."

நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முருகனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் டக், டக் என்று ஒற்றை விரல் சத்தம். பிறகு நின்றது.

"அட! என்னா லா இது! நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு வருது! இங்க பாருங்க தங்கச்சி!"

சந்தோஷத்தில் மனிதர் மடிக்கணினியை அப்படியே தூக்கி என் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டார்.

ஆங்கில எழுத்துகளில், 'மொட்டை' என்று இருந்தது. அடுத்து ஓர் இரட்டை மேற்கோள் குறி. அடுத்து 'மச்சான்'.

நானும் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். முகம் அடுப்பில் வைத்த இரும்பு மாதிரி மெல்லமெல்லச் சிவந்தது.

"ஒண்ணும் சரியா தெரியல அண்ணே, கண்ணாடி போடல," என்றேன்.

கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது.

கோளாறு எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். நம் ஊர் விசைப்பலகையில் இரண்டாம் எண்ணுக்கு மேலே மின்னஞ்சலில் வருகிற @ குறி இருக்கும். இங்கிலாந்துக்காரர்களின் விசைப்பலகை அமைப்பில் அதே இடத்தில் இரட்டை மேற்கோள் குறி. புதிய இயங்குதளம் ஏறியபோது அமைப்பு அந்த நாட்டுக்கு மாறிவிட்டது. பாஸ்வர்ட் பெட்டியில் எல்லாமே புள்ளியாகத் தெரிவதால் மனிதருக்கு அது தெரியவில்லை. அந்தக் கணினியில் அவர் கணக்கைத் தவிர வேறு எதுவும் அடிப்பதில்லை. பாஸ்வர்டை யாருமே மாற்றவில்லை.

இதை நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சுப்ரமணியம் அண்ணன் படாரென்று மடிக்கணினியை மூடினார்.

சரோஜாதான் அழைத்திருக்கிறாள், எங்கள் இருவரிடமும் சொல்லாமல். டெக்னீஷியன் வந்திருக்கிறார், உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் இப்போதே வா என்று சொல்லியிருக்கிறாள். தனபாலன் உள்ளே வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், சட்டையெல்லாம் தூசி. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். நான் மறுபடியும் முருகனைப் பார்த்தேன். தனபாலன் தலையில் ஒரு முடிகூட இல்லை.

"நான் எங்கக்காவுக்காக வந்தேன்," என்றார், மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. "நீங்கதான் டெக்னீஷியனா? நல்லதாப் போச்சு. நான் மாத்துனேனா இல்லியான்னு எம்முன்னாலயே தெரியணும். அவர அந்தப் பாஸ்வர்ட்ட இங்கயே, எல்லாரும் பாக்க அடிச்சுக் காட்டச் சொல்லுங்க."

சுப்ரமணியம் அண்ணனின் கை மடிக்கணினியின் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலையில் இருநூறு பேரை அதட்டியவராம். அந்த நிமிஷம் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அதட்டலும் இல்லை.

"ஏன், அடிச்சுக் காட்டறதுக்கென்ன?" என்று தனபாலன் குரலை உயர்த்தினார். "மடியில ஒண்ணும் இல்லன்னா பயம் எதுக்கு?"

"காட்டுங்களேன்," என்றாள் சரோஜா, வெகுளியாக.

தம்பிகளே, சர்வர் எரிந்து புகை வந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். வெள்ளத்தில் மிதந்த கடையிலிருந்து கணினியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இவ்வளவு வியர்த்ததில்லை. உண்மையைக் காட்டினால் மச்சான் திருடனில்லை என்று நிரூபணமாகும். அதே நொடியில், மாமா வருஷக்கணக்காக அவருக்கு வைத்திருக்கும் பெயரும் திரையில் பெரிதாகத் தெரியும். ஒரு சண்டையை முடிக்க வந்து அடுத்ததற்குக் கூடாரம் போட்டுக் கொடுத்தமாதிரி ஆகிவிடும். காட்டாவிட்டால் இவர் கிளம்பிவிடுவார். மூடிய கணினிக்குள் அந்த இரண்டு வார்த்தையும் அழியாமல் வேறு இருந்தது.

எதை அடித்துக் காட்டினால் அதே கோளாறு தெரியும், ஆனால் யாருக்கும் வலிக்காது? இந்தக் கேள்வி கிடைத்ததும் பதிலும் கிடைத்துவிட்டது.

"பாஸ்வர்ட்ட நாலு பேரு பாக்க அடிக்கக் கூடாது. அது எங்க தொழில் சட்டம்," என்றேன். அப்படியொரு சட்டத்தை அந்த இடத்திலேயேதான் இயற்றினேன். மடிக்கணினியை அண்ணனின் கையிலிருந்து உருவி, என் பக்கமாகத் திறந்து, இருந்ததை அழித்தேன். பிறகு தனபாலன் முன்னால் வைத்தேன். "தம்பி, ஏர்கோன் சர்வீஸ் கார்டுல உங்க இமெயில் போட்டிருக்கீங்கல்ல? அத இதுல அடிங்க."

"எதுக்கு?"

"அடிங்க, சொல்றேன்."

முறைத்துக்கொண்டே அடித்தார். பாதியில் நின்றார். அந்த விசையை மறுபடி அமுக்கினார். மறுபடியும் இரட்டை மேற்கோள் குறி.

"இது என்னாக்கா, 'அட்' வரமாட்டேங்குது?"

"சரோஜா, நீ வந்து பாரு. உந்தம்பி சொந்த இமெயில அவராலயே அடிக்க முடியல. அப்கிரேட்ல கீபோர்ட் செட்டிங் வேற ஊருக்கு மாறிப்போச்சு. அண்ணன் பாஸ்வர்ட்லயும் இந்த மாதிரி ஒரு குறி இருக்காம். அவரு சரியாத்தான் அடிச்சாரு, கம்ப்யூட்டருக்குத் தப்பாப் போய்ச் சேந்துது. யாரும் எதையும் மாத்தல."

அமைப்பைச் சரிசெய்து மறுபடி அடிக்கச் சொன்னேன். 'அட்' ஒழுங்காக வந்தது. எல்லோரையும் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு மடிக்கணினியை அண்ணனிடம் கொடுத்தேன். டக், டக், டக். கணக்கு திறந்தது. வெங்காயத்தின் சிவப்புக் கோடு முதற்கொண்டு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

தனபாலன் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே கம்பி அடிக்கும் சத்தம் கேட்டது.

"சாப்ட்டுட்டுப் போ," என்றார் சுப்ரமணியம் அண்ணன் திரையைப் பார்த்தபடி.

"பசிக்கல."

"நான் சொன்னது தப்புதான் லா."

"என்னா? காதுல விழல."

"தப்புன்னேன். கத்திச் சொல்லணுமா?"

"சொல்லுங்க. கூடாரம் போடுறவங்களும் கேக்கட்டும்."

சரோஜா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் வந்து உக்காருங்க, மீன் கறி ஆறுது," என்று உள்ளே போனாள். மகளுக்குப் போன் போடும் சத்தம் சமையலறையிலிருந்து கேட்டது. "மாமா வந்துட்டாரு, நீ ஒழுங்கா சாப்புடு" என்று அவள் சொன்னதும், தனபாலன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

சாப்பிடும்போது அண்ணன் கேட்டார், "அந்த செட்டிங் எப்படித்தான் மாறுது தங்கச்சி?"

அதற்கு இரண்டு பதில் உண்டு. இயங்குதளம் ஏறும்போது சில சமயம் தானாகவே மாறும். அல்லது நடுவில் அது கேட்கும் கேள்விகளைப் படிக்காமல், வந்ததற்கெல்லாம் சரி, சரி என்று அமுக்கிக்கொண்டு போனாலும் மாறும். தனபாலன் திடீரென்று தன் தட்டிலிருந்த மீன் முள்ளை மிகவும் கவனமாக எடுக்க ஆரம்பித்தார்.

"தானா மாறும் அண்ணே," என்றேன். "அப்கிரேட்னா அப்படித்தான்."

கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கத்தான் நமக்குக் காசு. யாரால் என்று கண்டுபிடிக்க யாரும் காசு தருவதில்லை. வந்த கோளாறு சரியாகி, மறுபடி வராமலிருக்க வழி செய்துவிட்டால், மீதியை மீன் முள்ளோடு ஒதுக்கிவிடுங்கள்.

நான் கிளம்பும்போது தனபாலன் என் பையைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்தார். பின் சீட்டில் பையை வைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்ப நன்றிக்கா. நல்லா சமாளிச்சீங்க."

"நான் என்னா சமாளிச்சேன்? கீபோர்ட் செட்டிங்தானே?"

"அது இல்லக்கா. அந்தப் பாஸ்வர்ட்."

நான் கார் சாவியைத் தேடுகிற மாதிரி கைப்பைக்குள் தலையை விட்டேன்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றார். "மாமா அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டேதான் அடிப்பாரு. அவருக்கே தெரியாது. எங்கக்காவுக்குத் தெரியும், பொண்ணுக்குத் தெரியும், எம்பொண்டாட்டிக்கும் தெரியும். தெரியாதுன்னு நெனச்சிட்டு இருக்கிறது அவரு ஒருத்தருதான்."

'காட்டுங்களேன்' என்று சரோஜா அவ்வளவு வெகுளியாகச் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தெரிஞ்சேதான் எல்லாரு முன்னாலயும் அடிக்கச் சொன்னீங்களா?"

"கோவம் நெசம்க்கா. திருடன்னு சொன்னா வலிக்காதா? ஆனா உள்ள வந்து, கம்ப்யூட்டர மூடிக்கிட்டு அவரு முழிச்ச முழியப் பாத்தேனா, கோவமெல்லாம் போச்சு. இன்னும் கொஞ்சம் வேக வைக்கலாம்னு தோணுச்சு. நீங்கதான் நடுவுல சட்டம் பேசிக் கெடுத்துட்டீங்க."

"அந்தப் பேரு வச்சிருக்காரேன்னு வருத்தமில்லையா?"

தனபாலன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்னா வருத்தம்? தினம் சாயந்திரம் எம்பேரச் சொன்னாத்தான் அவருக்குக் கணக்கே திறக்குது. அதப் போயி நான் மாத்துவேனா?"